பந்தும் பருவமும்

பழந்தமிழ்ச் செய்யுட்களில் பந்தும் கழங்கும் சிறுமியர்க்கு உரியன. மகள் பருவமெய்தியதும் தாய் அவளை இற்செறிப்பாள். பந்தாட்டம் அன்றே முடியும். பெண்பாற் பருவம் ஏழனுள் 14 முதல் 19 வரை மடந்தை என்ப. சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பா என்பார் 14-ஆம் அகவையிலேதான், 2000-ஆம் ஆண்டில், ஸ்குவாஷ் என்னும் பந்தாட்டத்தில் தேசிய வாகை சூடினார்.

நாற்சுவர் சூழ்ந்த அறையுள் இருவர் மாறிமாறிச் சிறு ரப்பர்ப் பந்தை முன்சுவரில் மோதியடிப்பது இவ்வாட்டம். இற்செறிப்பும் சுவர்களுக்குள்ளேதான், ஆயின் இச்சுவர்கள் அவரை உலகெங்கும் கொண்டு சென்றன! 2014-இல் கிளாஸ்கோ நகரில் தீபிகா பள்ளிக்கலோடு இணைந்து காமன்வெல்த் இரட்டையர் பொற்பதக்கம் பெற்றார். 2017-இல் சென்னையிலேயே நிகழ்ந்த ஆசிய இறுதியாட்டத்தில் அத்தோழியையே எதிர்த்து வென்றார். 2019-இல் புவனேஸ்வரி குமாரியின் 16 தேசியப் பட்டங்களைக் கடந்தார்.

இவற்றினும் யான் பெரிதென எண்ணுவது 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுக் குழுப்போட்டி. எண்முறை உலக வாகை சூடிய மலேசிய வீராங்கனை நிக்கோல் டேவிட் அங்கே அவரிடம் தோற்றார். அப்போது ஜோஷ்னாவுக்கு அகவை 31. தெரிவைப் பருவத்தின் கடைசி ஆண்டு.

ஒலிம்பிக் பந்தயத்தில் ஸ்குவாஷ் 2028-இலேதான் முதன்முறையாக இடம்பெறவிருக்கின்றது. அவ்வாண்டு அவர்க்கு 41 வயதாகும். பேரிளம்பெண்ணுக்குப் பாட்டியல் நூலார் வகுத்த எல்லையோ 40.