குட்டைக் கால் மாடும் மெண்டல் கணக்கும்

மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடம் ஞாபகம் இருக்கா? நெட்டை, குட்டை, 3:1 விகிதம். அதே கணக்கை ஒரு மாட்டுத் தொழுவத்தில் போட்டுப் பார்த்தால் 2:1 என்று வருது. மீதி ஒரு பங்கு எங்கே போச்சு? வாங்க, பார்ப்போம்.

அயர்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் தோன்றியது டெக்ஸ்டர் மாடு. சிறிய உருவம் கொண்டது. இதில் சற்று நீளக் கால் உள்ளவை, ரொம்பக் குட்டைக் கால் உள்ளவை என இரண்டு வகை உண்டு. குட்டைக் காலை விரும்பியவர்கள் குட்டைப் பசுவைக் குட்டைக் காளையோடு சேர்த்தார்கள். ஆனால் சில பசுக்கள் ஏழாம் மாத வாக்கில் கன்று வீசின. அந்தக் கன்றுக்குக் கால் மிகக் குறுகி, நெற்றி புடைத்து, முகம் அமுங்கி இருக்கும். இதற்கு 'புல்டாக் கன்று' என்று பெயர்.

காரணம் என்ன?
கால் எலும்பு நீளமாக வளரக் குருத்தெலும்பு வேண்டும். அதற்கு அக்ரிகன் என்ற புரதம் வேண்டும். அந்தப் புரதத்தின் ஜீனில் பிழை இருப்பதை 2007-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. எழுத்தில் வெறும் 4 எழுத்து கூடுதல், அவ்வளவுதான்!

ந = நல்ல ஜீன், பி = பிழை ஜீன் என்று வைத்துக்கொள்வோம்.

குட்டை (நபி) × குட்டை (நபி)
நந – நீளக் கால் – 1 பங்கு
நபி – குட்டைக் கால் – 2 பங்கு
பிபி – பிறக்கும் முன்பே இறப்பு – 1 பங்கு

காணாமல் போன பங்கு இதுதான். உயிரோடு பிறப்பதில் குட்டை 2, நெட்டை 1. ஆக, எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் குட்டை மட்டுமே பிறக்கும் மந்தையை உருவாக்க முடியாது. பிடிவாதம் பிடித்தால் கன்றுகள்தான் சாகும்.

என்ன வழி?
மாட்டின் முடியைப் பரிசோதித்தாலே அந்த ஜீனில் பிழை இருக்கா, இல்லையா என்று தெரிஞ்சிடும். இப்படி ஒரு பண்பைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளத்துக்கு 'மரபணுக் குறிப்பான்' (மார்க்கர்) என்று பெயர். குட்டைப் பசுவுக்கு 'நந' காளையைச் சேர்த்தால் பாதி குட்டை, பாதி நெட்டை. புல்டாக் கன்று ஒன்றுகூட வராது!

உங்களுக்குத் தெரியுமா?
எல்லா மாட்டுக்கும் ஒரே ஜீன் உயரத்தைத் தீர்மானிப்பதில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 58,265 மாடுகளை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புள்ள 163 டி.என்.ஏ. பகுதிகளைக் கண்டார்கள். அத்தனையும் சேர்ந்தும் உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 சதவீதத்தைத்தான் விளக்கின. தீவனமும் பராமரிப்பும்கூட வளர்ச்சிக்கு முக்கியம்.

நினைவில் கொள்க: கண்ணுக்கு அழகாகத் தெரிவதை மட்டும் பார்த்து இனவிருத்தி செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் ஜீனையும் பார்க்கணும்.

யோசியுங்க: இரண்டு நீளக் கால் டெக்ஸ்டர் மாடுகளைச் சேர்த்தால் குட்டைக் கன்று பிறக்குமா? கட்டம் போட்டுப் பாருங்க, விடை கிடைக்கும்!