சோம்பல் அல்ல, நோயின் அசதி!



சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து அம்மா ஒருவரும் அவர் கணவரும் பினாங்குக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். படகை விட்டிறங்கி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்தோம். பெரியவர்கள் இன்னும் பிட் ஸ்ட்ரீட் என்று சொல்கிறார்களே, அதே சாலைதான். குவான் யின் கோயிலிலிருந்து பள்ளிவாசல் வரை கொஞ்ச தூரந்தான். அதற்குள் அந்த அம்மா மூன்று தடவை உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி பூரா தூங்கினேன் ஐயா. ஆனா மூட்டை சுமந்த மாதிரி இருக்கு" என்றார். கணவரோ, "இவளுக்கு எப்பவும் சோம்பேறித்தனந்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்குத் தைராய்டு குறைவும் முடக்குவாதமும் இருப்பது எனக்குத் தெரியும்.

இவை என்ன நோய்கள்?

நம் உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி ஒன்று உண்டு. அது தோட்டத்து ஜாகா மாதிரி. அந்த ஜாகாவே திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை அடித்தால் எப்படி? கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை அடித்தால் தைராய்டு குறைவு வரும். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் இதை விவரித்து எழுதினார். மூட்டுகளை அடித்தால் முடக்குவாதம். ஒன்று உள்ளவருக்கு மற்றதும் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டுமே பெண்களுக்குத்தான் அதிகம்.

மருந்து சாப்பிட்டும் அசதி ஏன்?

1. தைராய்டு மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம். டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையில் தெரியும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

2. இரத்தச்சோகை இருக்கலாம்.

3. மூட்டுக்குள் வீக்கம் அடங்காமல் இருக்கலாம். காலையில் கை விரல் அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. வலியால் தூக்கம் கெடலாம். மனச்சோர்வும் இருக்கலாம். அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம்.

மாத்திரை சாப்பிடும் முறை

அந்த அம்மா பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் தைராய்டு மாத்திரையைப் பால் கோப்பியோடு விழுங்கி வந்தார். இது தவறு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் கோப்பியும் பசியாறலும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது.

ஜாமு ஆசை வேண்டாம்

மோட்டார் சைக்கிளில் வந்து விற்கும் மூட்டுவலி ஜாமுவைச் சாப்பிட்டதும் வலி பறந்துவிடும். காரணம் என்ன? இப்படிப்பட்ட சில மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. நாள்பட்டால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலோ ஆள் துவண்டு விழுவார். எம்.ஏ.எல். எண் இல்லாததை வாங்காதீர்கள். ஏற்கனவே சாப்பிட்டு வருபவர்கள் பாக்கெட்டோடு டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

உடம்பும் உரிமையும்

அசதி என்று நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் அசதி கூடும். தினமும் 10 நிமிடம் நடக்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கனமான வேலையை ஒரே மூச்சில் செய்யாமல் பிரித்துச் செய்யுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாளும், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் சான்றிதழ் வாங்கத் தவறாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு இரத்தச்சோகையும் இருந்தது பிறகு தெரிந்தது. மருந்தை முறையாகச் சாப்பிட்ட சில மாதங்களில் தெம்பு வந்தது. அசதி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தண்ணீர் வாளியைத் தூக்குவது அவர் கணவர். "சோம்பேறி" என்ற சொல் அந்த வீட்டில் கேட்பதில்லை. அதுவும் ஒரு மருந்துதான் தோழர்களே!