தேறி எழுந்த தோட்டம்!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே, "இன்னும் பழைய தெம்பு வரலையே டாக்டர்!" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏன், நீங்களேகூடப் புலம்பியிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தோட்டம் ஜப்பானில் இருக்கிறது. ஒகயாமா நகரத்தில், அசாஹி ஆற்றை ஒட்டிய அந்தத் தோட்டத்தின் பெயர் கொராகுயென்.

"தெம்புக்கும் தோட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முன்னூறு வயசுத் தோட்டம்

ஒகயாமாவை ஆண்ட இகெடா சுனமாசா என்ற பிரபு, தன் அதிகாரி சுடா நாகாடாடாவிடம் இந்தத் தோட்டத்தை அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1687-ல் ஆரம்பித்த வேலை 1700-ல்தான் முடிந்தது. பதிமூன்று வருஷம்! பரப்பளவு சுமார் 33 ஏக்கர். குளம், குன்று, ஓடை, விசாலமான புல்வெளி, கூடவே சின்னதாக ஒரு நெல்வயல், தேயிலைச் செடிகள் எல்லாம் உள்ளேயே உண்டு. கனசாவா நகரத்தின் கென்ரோகுயென், மிட்டோ நகரத்தின் கைராகுயென் ஆகியவற்றோடு சேர்த்து, ஜப்பானின் மூன்று பெரிய தோட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

கொராகுயென் என்ற பெயர் 1871-ல் வைத்தது. 'பிறகு மகிழும் தோட்டம்' என்று அர்த்தம். ஊர் ஜனங்களின் கவலையை முதலில் சுமந்து, அவர்கள் மகிழ்ந்த பிறகே ஆள்பவன் மகிழ வேண்டும் என்ற பழைய சீனக் கருத்திலிருந்து வந்த பெயர். 1884-லிருந்து பொதுமக்களும் உள்ளே போகலாம் என்று ஆனது.

விழுந்தது இரண்டு அடி

1934 செப்டம்பரில் பெரும் புயல் அடித்தது. அசாஹி ஆறு பெருக்கெடுத்துத் தோட்டத்துக்குள் புகுந்து நாசம் செய்தது. அந்தக் காயம் ஆறி முடிப்பதற்குள் உலக யுத்தம் வந்துவிட்டது. 1945 ஜூன் 29-ஆம் தேதி விடியற்காலையில் ஒகயாமா மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. நகரமே தீக்காடானது. தோட்டத்தின் முக்கியக் கட்டடமான என்யோ-டெய் எரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கோட்டையும் சாம்பலானது.

"இனி அவ்வளவுதான்" என்று ஊர்க்காரர்கள் கைகழுவியிருந்தால், இன்றைக்கு அந்த இடத்தில் கட்டடங்கள் முளைத்திருக்கும். அவர்கள் கைகழுவவில்லை. பிரபுக்கள் காலத்து ஓவியங்களும் வரைபடங்களும் பத்திரமாக இருந்தன. எந்த இடத்தில் எது இருந்தது என்று அவற்றைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். என்யோ-டெய் மறுபடி எழுந்தது 1960-ல். எரிந்து போய்ப் பதினைந்து வருஷம் கழித்து! கோட்டை அதற்கும் பிறகு, 1966-ல்.

தோட்டத்தில் வளர்த்து வந்த கொக்கு இனப் பறவைகளும் யுத்தத்துக்குப் பிறகு இல்லாமல் போயின. சீன எழுத்தாளர் குவோ மொருவோ, இளமையில் ஒகயாமாவில் படித்தவர். பிறகு ஜப்பானிலேயே மருத்துவமும் படித்தவர். அந்தப் பழைய பாசத்தில் 1956-ல் அவர் கொடுத்த இரண்டு சிவப்புக் கொண்டைப் பறவைகளோடு அந்த இடம் மறுபடி கலகலப்பானது.

உங்களுக்கு மூன்று பாடம்

ஒன்று: பழைய படம் இருந்ததால்தான் தோட்டம் பழையபடி ஆனது. உங்கள் உடம்புக்கும் அப்படி ஒரு 'படம்' வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக வையுங்கள். நன்றாக இருந்தபோது எப்படி இருந்தீர்கள் என்று தெரிந்தால்தான், எங்கே சரிந்தது என்று டாக்டரால் சொல்ல முடியும்.

இரண்டு: எரியாமல் தப்பியவையும் உண்டு. ரியூடென் என்ற ஓய்வுக்கூடம் அதில் ஒன்று. போனதை எண்ணி அழுவதோடு, மிச்சமிருப்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கை பலவீனமாக இருந்தால், மற்றொரு கை என்னென்ன செய்யும் என்று பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள்.

மூன்று: தோட்டம் தேறிவிட்டது என்று யாரும் வேலையை நிறுத்தவில்லை. புல் வெட்டுவது, களை பிடுங்குவது, கிளை கழிப்பது இன்றைக்கும் நடக்கிறது. வலி போன மறுநாளே மாத்திரையையும் பயிற்சியையும் நீங்களாக நிறுத்திவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இதை இரண்டு தடவை படியுங்கள்!

எப்படிப் பார்ப்பது?

பஸ்ஸிலிருந்து இறங்கி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தோட்டம் பிடிபடாது. இது நடப்பவர்களுக்காகவே அமைத்த தோட்டம். ஓர் இடத்தில் நின்று முழுவதையும் பார்த்துவிட முடியாது. பாதை வளையும், மரம் மறைக்கும், இன்னும் பத்தடி நடந்தால் குளம் தெரியும்.

ஓடையின் மேல் எட்டுப் பலகைகளை வளைத்து வளைத்துப் போட்ட ஒரு பாலம் உண்டு. அதில் வேகமாகப் போக முடியாது. கால் தானாகவே நிதானப்படும், மூச்சும் கூடவே நிதானப்படும். தட்டையான நிலத்தில் சுமார் ஆறு மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய யூய்ஷின்சான் என்ற குன்றின் மேல் ஏறினால், சாவா-நோ-இகே குளமும் அதிலுள்ள தீவுகளும் தெரியும். தூரத்து மிசாவோ மலையும் கோட்டையும் தோட்டத்தின் பாகங்கள் போலவே தோன்றும். வெளியே இருப்பதை இப்படிக் கண்ணுக்குள் 'கடன்' வாங்கிக்கொள்வது ஜப்பானியத் தோட்டக்கலையின் பழைய உத்தி.

கடைசியாக ரியூடெனுக்கு வாருங்கள். கூடத்தின் நடுவிலேயே வாய்க்கால் ஓடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தத்தைக் கேளுங்கள். கடிகாரம் பார்க்காதீர்கள்!

பச்சையைப் பார்த்தால் உடம்புக்கு நல்லதா? 1984-ல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். மரத்தைப் பார்த்தால் மருந்து வேண்டாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். மருந்தோடு மரமும் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

கிளம்பும் முன்...

* ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஒகயாமா போய்விடலாம். தோட்டத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

* ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் தாங்காது. வயதானவர்களை அழைத்துப் போக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் சௌகரியம். காலையிலேயே போய்விடுங்கள்.

* மூட்டு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் குன்று ஏறவும் பலகைப் பாலத்தைக் கடக்கவும் துணையோடு போகட்டும். வழுக்காத, சுலபமாகக் கழற்றக்கூடிய செருப்பு நல்லது.

* ஒகயாமாவின் பிரபலப் பலகாரம் கிபி டாங்கோ. இனிப்பானது. சர்க்கரைக்காரர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!

* சில ஜலதோஷ மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், இருமல் மருந்தில் உள்ள கோடீன் போன்றவற்றுக்கு ஜப்பானில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மருந்துப் பெயர்களை முன்கூட்டியே விசாரித்து, டாக்டர் கடிதத்தோடு போங்கள்.

ஜப்பான் போக வாய்க்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கப் பழகுகிறார்களா? "இன்னும் நடக்கலையா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எரிந்த கட்டடம் பதினைந்து வருஷம் கழித்து எழுந்த கதையைச் சொல்லுங்கள். நேற்றைவிட இன்றைக்கு ஓரடி கூட நடந்தால், அந்தத் தேதியை மறக்காமல் ஃபைலில் குறித்து வையுங்கள்.