தாமதமும் தற்செயலும்
இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

'விளையாட்டு வினையாகும்' என்பது பழமொழி. பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி, வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு ஆடும் விளையாட்டுகளைக் குறித்து இதைச் சொல்லாத பெற்றோர் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் இல்லை. ஆடுகிறவர்களைக் கேட்டாலோ, அவர்களிடமும் ஒரு குறைப்பட்டியல் இருக்கிறது. பெற்றோர் பட்டியலைவிட நீளமானது. அவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு ஆராய முற்படுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் தம்பிதான் இதற்கு ஆய்வுக்கூடம்.

இவ்வகை விளையாட்டுகளின் மூதாதை 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர் வளர்த்தார். பெயர் 'மட்'. அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். பிறந்த குடும்பத்தை வைத்து மனிதனை எடைபோடும் சமூகத்தில் வளர்ந்த தாங்கள், அவரவர் முயற்சியால் மட்டுமே உயரக்கூடிய ஓர் உலகைச் செய்ய விரும்பியதாகப் பார்ட்டில் பின்னாளில் கூறியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். இச்செய்தியைப் படித்தபோது, தம்பி இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசியை விடாததன் காரணம் எனக்குச் சற்றே விளங்கியது. அங்கே அவன் நாற்பதாம் நிலை வீரன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நிற்க. முதல் குறைக்கு வருவோம். 'பிங்' என்று அவர்கள் சொல்வது, நம் கருவியிலிருந்து ஒரு செய்தி சர்வருக்குச் சென்று திரும்பும் நேரம். இது கூடினால் 'லேக் அடிக்கிறது' என்பார்கள். தம்பி வாளை ஓங்குவான். எதிரி அதற்குள் அவனைக் கொன்று அரை வினாடி ஆகியிருக்கும். கூட்டாக ஆடும்போது ஒருவன் தாக்குதலைத் தாங்குவான், ஒருவன் காயம் ஆற்றுவான், மற்றவர்கள் தாக்குவார்கள். 2004-இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டின் தொடக்க காலப் பெரும்போர்களில் ஒரு படைக்கு 40 பேர். காயம் ஆற்றுபவனின் இணைப்பு அறுந்தால் மற்ற 39 பேரின் உழைப்பும் வீண். ஆகவே பிங் கூடியவனைக் குழுவிலிருந்து நீக்குகிறார்கள். நீக்கப்பட்டவன் கோபமும் நியாயம், நீக்கியவர்கள் கோபமும் நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

தாமதம் ஏன் வருகிறது? ஆசியப் பகுதிக்கான சர்வர்கள் பல சிங்கப்பூரில் உள்ளன. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட 'ஐ-டு-ஐ' கம்பிவடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். வெற்றிடத்தில் செல்வதில் மூன்றில் இரண்டு பங்கே. போக 16, வர 16, ஆக 32 மில்லிசெகண்டு. இதற்குக் கீழே அந்த வழியில் யாராலும் கொண்டுவர இயலாது. எவ்வளவு பணம் கட்டினாலும் ஒளி விரைந்து ஓடாது. சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் இதுவே 100-ஐத் தாண்டும்.

ஆனால் தம்பியின் திரையில் 140 என்று காட்டியது. மிச்சம் எங்கிருந்து வந்தது? கடலில் இருந்து அன்று, எங்கள் தெருவிலிருந்துதான். இரவு ஒன்பது மணிக்கு ஒரே கோபுரத்தை எத்தனையோ கைப்பேசிகள் பங்கு போடுகின்றன. செய்திகள் வரிசையில் நிற்கின்றன. அவனை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே உட்கார வைத்தேன், 70 ஆயிற்று. அதைவிடக் கொடியது தாமதத்தின் ஏற்ற இறக்கம். அரை மணிக்கு ஒன்று என்று ஒழுங்காக வரும் பேருந்துக்கு நாம் பழகிவிடலாம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாமல், பிறகு மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை லஸ் முனையில் நின்றவர்கள் அறிவர்.

இரண்டாம் குறை, காசு. முயற்சியால் உயரலாம் என்று தொடங்கிய உலகில், காசு கொடுத்து உயரும் குறுக்குவழி வந்துவிட்டது. அதுவும் நேர்விலை அன்று, குலுக்கல். அரிய வாள் கிடைக்க நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு என்று போட்டிருந்ததாம். கேஸ் சிலிண்டருக்காக அம்மா எடுத்து வைத்திருந்த 800 ரூபாயில் தம்பி ஐம்பது முறை குலுக்கிவிட்டான். வாள் வரவில்லை.

"அக்கா, பாதி தூரம் வந்துட்டேன், இன்னும் ஐம்பதுதான்" என்றான்.

இங்கேதான் நிகழ்தகவு நம் உள்ளுணர்வை ஏமாற்றுகிறது. ஒருமுறை வராமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு முறையும் வராமல் போக, 0.99-ஐ நூறு தடவை பெருக்க வேண்டும், விடை 0.366. அதாவது நூறு முறை குலுக்கியும், மூவரில் ஒருவருக்கு மேல் வெறுங்கைதான். முன் குலுக்கல்களைக் குலுக்கல் நினைவில் வைப்பதில்லை. ஐம்பத்தொன்றாவதும் நூற்றுக்கு ஒன்றே. இதனை உணர்ந்தே சில விளையாட்டுகள் ஓர் எல்லை வைத்துள்ளன. 2020-இல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்'டில் மிக அரிய பாத்திரத்துக்கான அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90-ஆவது முறைக்குள் ஒன்று உறுதி. இவ்வாய்ப்புகளை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் விதித்தது. பெல்ஜியம் 2018-இல் காசு வாங்கும் இத்தகைய குலுக்கலைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. சீன வழியைவிட பெல்ஜியத்தின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. எண்ணை எழுதி ஒட்டினால் போதாது. அதைப் பெருக்கிப் பார்க்கப் பதினேழு வயதில் யாருக்குப் பொறுமை?

தம்பியைப் பெருக்கச் சொன்னேன். கைப்பேசியின் கணக்குப்பொறியில் 0.99-ஐ ஐம்பது தடவை தட்டினான், 0.605 வந்தது.

"அப்போ நூறு பேர் ஆடினா, அறுபது பேருக்கு என்னை மாதிரிதானாக்கா?"

"ஆமாம்."

சிறிது நேரம் அந்த எண்ணையே பார்த்திருந்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். சிலிண்டர் பத்து நாள் கழித்து, அப்பாவுக்குச் சம்பளம் வந்த பிறகு வந்தது. அதுவரை மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த அம்மாவுக்கு இந்த 0.605-ஐ நாங்கள் இருவரும் விளக்கவில்லை.