நாட்பட்ட வலியும் மூளையும்

குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்திருப்போரும், குனிந்து நாற்று நடுவோரும் இடுப்பு வலியை நன்கு அறிவர். காயம் ஆறிய பின்னும் வலி நீடிப்பது எதனால்?

மூன்று மாதங்களுக்கு மேல் நிற்பதையே நாட்பட்ட வலி என மருத்துவர் வகுப்பர். தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டென்றும், மூளையின் ஆணைக்கேற்ப அது வலிச் செய்தியைத் தடுக்கவோ விடவோ செய்யும் என்றும் 1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் உரைத்தனர். நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. அடிப்படைக் கருத்து நிலைத்தது.

2012-இல் வெளியான ஆய்வொன்று, புதிதாக முதுகுவலி கண்டோரை ஓராண்டு தொடர்ந்து நோக்கிற்று. மூளையின் முன்பகுதிக்கும், நன்மை தீமைகளை எடைபோடும் உட்பகுதிக்கும் இடையே தொடக்கத்திலேயே தொடர்பு மிகுந்திருந்தோரிடம் வலி நீடிக்கும் போக்கு காணப்பட்டது.

உறக்கமும் மனக்கவலையும் இதில் பங்கு கொள்வன. உறக்கம் குன்றினால் வலியுணர்வு மிகும். வலி மிகுந்தால் உறக்கம் கெடும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும்.

ஆகவே, காயம் காணப்படவில்லை என்பதால் ஒருவரது வலியைப் பொய்யென்றோ, அவரைச் சோம்பேறி என்றோ கருதுதல் தவறு. சாதாரண முதுகுவலிக்கு நாட்கணக்கில் படுத்துக் கிடத்தல் பயன் தராது; இடையிடையே எழுந்து நடத்தலும், இயன்ற பணியும், நல்லுறக்கமும் நலம் பயக்கும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாறுதல் தோன்றினாலோ தாமதியாது மருத்துவரை நாடுக.