சலங்கை ஒலியில் ஓர் ஆலய தரிசனம்!

உங்கள் மகளோ பேத்தியோ பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாளா? சலங்கை பூஜை, அரங்கேற்றம் என்று அழைப்பு வந்தால், பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு போய் உட்காருகிறோம். அலாரிப்பில் தொடங்கி தில்லானா வரை ஆடி முடிக்கிறார்கள். கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். ஏன் இந்த வரிசை? வர்ணத்தை முதலிலும் அலாரிப்பை கடைசியிலும் ஆடினால் என்ன? இதை ஒருமுறை புரிந்துகொண்டு விட்டால், பிறகு நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு நடனமும் ஒரு கோயில் தரிசனமாகவே தோன்றும்!

நால்வர் தந்த வரிசை

தஞ்சையை இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) ஆண்ட காலம். அவரது அரசவையை அலங்கரித்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்கள். ‘தஞ்சை நால்வர்’ என்று இவர்களைப் போற்றுகிறோம். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள் இவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நாம் பார்க்கும் கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர்கள் இவர்களே. இதற்கு ‘மார்க்கம்’ என்று பெயர். மார்க்கம் என்றால் வழி. எங்கே போகும் வழி?

அதற்கு விடை சொன்னவர், நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி அவர். தஞ்சை நால்வரின் மரபில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் பயின்று, 1925-ல், ஏழு வயதில், நம் காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேறியவர். பிற்காலத்தில் அவர் ஆடும்போது உடன் பாடியவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாய் ஜெயம்மாள்! 1975-ல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோது, பாலசரஸ்வதி இந்த மார்க்கத்தை ஓர் ஆலயத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்.

வாசல் முதல் கருவறை வரை

தாமல் கிராமத்து வராகீஸ்வரர் கோயிலாக இருக்கட்டும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலாக இருக்கட்டும். நேராகக் கருவறைக்குள் யாரும் குதித்துவிட முடியாது. வாசலைக் கடந்து, மண்டபத்தைக் கடந்து, மனம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிய பிறகே சுவாமி முன்பு நிற்கிறோம். நடனமும் அப்படித்தான்.

அலாரிப்பு - இது கோபுர வாசல். கண், கழுத்து, தோள், கை, கால் என்று ஒவ்வோர் அங்கமாக அசைந்து வணங்குகிறது. இதில் கதை கிடையாது, பாட்டும் கிடையாது. வெளியுலக நினைப்பை வாசலில் விட்டுவிட்டு வரும் நேரம் இது.

ஜதிஸ்வரம், சப்தம் - அடுத்தடுத்த மண்டபங்கள். ஜதிஸ்வரத்தில் இசை வந்து சேர்கிறது. சப்தத்தில்தான் முதன்முதலாகச் சொல் வருகிறது. கூடவே அபிநயமும் வருகிறது.

வர்ணம் - இதுவே சந்நிதி. மார்க்கத்தில் மிக நீண்டதும் கடினமானதும் இதுதான். தாளமும் பாவமும் ஒன்றாகக் கலந்து, இறைவனையே நாயகனாக எண்ணி உருகும் இடம்.

பதம் - இதுவே கருவறை. மேளச் சத்தம் ஓய்ந்து, நாமும் அவனும் மட்டும் இருப்பது போன்ற அமைதி. வேகமான அடவுகள் இல்லை. ஒரே வரியைப் பல விதமாக, முகபாவத்தாலேயே விரித்துக் காட்டுவார்கள்.

தில்லானா - கற்பூர ஆரத்தி! மணியும் மேளமும் சேர்ந்து முழங்கும் உற்சாகம். பிறகு ஒரு சுலோகமோ விருத்தமோ பாடி நிறைவு செய்வார்கள். இதுவரை வெளியே கண்ட தெய்வத்தை நெஞ்சுக்குள் எழுந்தருளச் செய்துகொண்டு வீடு திரும்புகிறோம்.

கடல் கடந்த அரண்மனையிலும்...

நடனத்தை வழிபாடாகக் காண்பது நம் நாட்டில் மட்டும்தானா? இந்தோனேசியாவின் ஜாவா தீவில் சுரகர்த்தா என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள அரண்மனையில், மன்னர் முடிசூடிய நாள் ஆண்டுதோறும் வரும்போது, ‘பெடோயோ கெத்தவாங்’ என்ற நடனத்தை ஒன்பது பெண்கள் ஆடுகிறார்கள். மணப்பெண் போன்ற அலங்காரம்; மிக மெதுவான அசைவு. ஆடும் பெண்கள் விரதம் இருந்து, தூய்மை காத்தே ஆட வருகிறார்கள். தென்கடலின் அரசியாக அவர்கள் போற்றும் தேவியே பத்தாவது பெண்ணாக வந்து கூட ஆடுகிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அரச குடும்பம் இஸ்லாமியக் குடும்பம். ஆனாலும், முன்னோர் தந்த நடனத்தை இன்றும் பயபக்தியோடு காத்து வருகிறார்கள்.

மறக்கக்கூடாத பெண்கள்

இங்கே நம் மரபைக் காத்தவர்கள் யார்? ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ நானூறு பேரை அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சந்நிதியில் ஆடி வந்த பெண்களே இந்தக் கலையைச் சுமந்து வந்தவர்கள். காலப்போக்கில் அவர்கள் வாழ்வில் துன்பமும் அவமானமும் சேர்ந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் போராடியதன் பலனாக, கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. ஒரு கொடுமை நீங்கியது, அது நல்லதே. ஆனால், அந்தப் பெண்களை இழிவாகப் பேசிக்கொண்டே அவர்கள் கொடுத்த கலையை மட்டும் நம் வீட்டுப் பெண்களுக்குக் கற்றுத்தருவது நியாயமா, சொல்லுங்கள்! பாலசரஸ்வதியும் அந்தக் குலத்தில் பிறந்தவரே. குருவை வணங்கும்போது, பெயர் தெரியாத அந்த முன்னோர்களையும் மனதார வணங்கச் சொல்லிக் கொடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை அரங்கேற்றத்துக்குப் போகும்போது, அலாரிப்புக்கு முன்பே போய் அமருங்கள். கோபுரம் காணாமல் கோயிலுக்குள் போவோமா? வர்ணம் நீளமாக இருக்கிறதே என்று நடுவில் எழுந்துவிடாதீர்கள், அதுதான் சந்நிதி. பதம் ஆடும்போது பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சு வேண்டாம்.

வீட்டில் குழந்தை பயிற்சி செய்யும்போது, ‘இன்றைக்கு எத்தனை அடவு முடித்தாய்?’ என்பதோடு, ‘சுவாமி முகம் மனசில் வந்ததா?’ என்றும் கேளுங்கள். அரங்கேற்றம் பெரிய மண்டபத்தில் நடந்தால்தான் சிறப்பு என்பதில்லை. பூஜையறை விளக்கின் முன்னால் ஒரே ஓர் அலாரிப்பைப் பக்தியோடு ஆடினாலும், அங்கே ஒரு கோபுர வாசல் திறக்கும்!