பெற்றோரோடு மாறுபடுதல்

தாய் தந்தையரை வழிபடுதல் மக்கட்குரிய கடன்களுள் முதலாயது என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததே. ஆயின், மெய்ப்பொருள், சமயம், அரசியல் என்னும் இவற்றிலே மகனுக்கு உண்மையெனத் தோன்றுவது தந்தையார் கொண்ட கொள்கையோடு மாறுபடுமாயின் அவன் செய்யக் கடவது யாது? கருத்தை மறைத்தொழுகுதல் பொய்; தந்தையாரை இகழ்தல் பாவம். இவ்விரண்டிற்கும் இடையே வழியுண்டோ என மேல்வகுப்பு மாணாக்கர் பலர் என்னை வினாவியதுண்டு. அவர்பொருட்டும் அவரைப் பெற்றோர்பொருட்டும் இதனை எழுதுகின்றேன்.

கடோபநிடதத்திலே நசிகேதன் சரிதம் கூறப்படுகின்றது. அவன் தந்தையார் தம்முடைமை யாவையும் தானஞ் செய்யும் வேள்வியொன்றை இயற்றினார். தானமாக நிறுத்தப்பட்ட பசுக்களோ கடைசி நீரைக் குடித்துக் கடைசிப் புல்லைத் தின்று பால் வற்றியவை. இது தானமாகாதென்று சிறுவன் உணர்ந்தான். உணர்ந்தும், “நீர் செய்வது பிழை” என்று சபை நடுவே தந்தையாரைத் தூற்றவில்லை. “என்னை யாருக்குக் கொடுப்பீர்?” என மும்முறை வினாவினான். வெகுண்ட தந்தையார், “யமனுக்குக் கொடுத்தேன்” என்றார். அச்சொல் பொய்யாகாவண்ணம் அவன் யமபுரஞ் சென்று மூன்றிரவு உண்ணாதிருந்தான். யமன் மூன்று வரங் கொடுத்தான்.

இறந்தபின் உயிரின் நிலை யாது என்னும் பெருவினா மூன்றாம் வரத்திலேதான் வருகின்றது. முதல் வரமாக அவன் வேண்டியது, தந்தையாருடைய கோபந் தணிந்து, தான் மீண்டு செல்லும்போது அவர் தன்னை மகனென்றறிந்து அன்போடு ஏற்றல் வேண்டும் என்பதே. மெய்ப்பொருளை நாடி மரணத்தின் வாயில்வரை சென்றவன் தந்தையாரின் மனவமைதியை முதலிலே கேட்டான். இம்முறைவைப்பே மாணாக்கர் கருத்தூன்றிக் கற்கவேண்டுவது.

அற்றேல், தந்தையின் காலை வெட்டிய சண்டேசுர நாயனாரைத் திருத்தொண்டர் புராணம் போற்றுவதென்னை எனின், கூறுதும். திருச்சேய்ஞலூரிலே விசாரசருமர் மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டிப் பூசித்திருந்தார். தந்தையாராகிய எச்சதத்தன் அவரைக் கோலால் அடித்தான். பூசையில் ஒன்றிநின்ற அவர் அதனை உணரவில்லை. பாற்குடத்தை அவன் காலால் இடறியபோதே அச்செயல் நிகழ்ந்தது. தம்மை அடித்ததற்காகவோ, கொள்கை வேற்றுமைக்காகவோ அவர் அது செய்திலர். அன்றியும், எச்சதத்தனும் குற்றம் நீங்கிச் சிவலோகம் அடைந்தான் என்றே சேக்கிழார் பெருமான் முடிக்கின்றார். தன்னை மறந்த பத்தியின் எல்லையைக் காட்டும் இச்சரிதத்தைத் திண்ணை வாதத்துக்குத் துணையாக எடுப்போர் புராணத்தையும் அறியார், தம்மையும் அறியார்.

அரசியற்கும் இஃதொக்கும். 1924ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் 1927இலே காந்தியடிகளை இங்கு அழைத்தது; அதுவே வாலிபர் காங்கிரஸ் எனவும் பெயர்பெற்றது. பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்று அவ்வாலிபர் வாதித்தபோது வீட்டுப் பெரியோர் பலர் எதிர்த்தனர். அதிலே வாலிபரே சரியானவர். நம்மவர் பலர் பிழைத்தனர் என்பதைச் சொல்ல நாம் வெட்குதல் வேண்டா. அவ்வாலிபரே பூரண சுயராச்சியம் வேண்டி 1931இலே சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தனர். யாழ்ப்பாணத்தின் 4 தொகுதிகளும் 1934வரை பிரதிநிதியின்றிக் கிடந்தன. அது தக்கதோ தகாததோ என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஒன்றிலே சரியாயிருந்தமை மற்றொன்றிலும் சரியாயிருப்பதற்குச் சான்றாகாது. இது தந்தையர்க்கும் மைந்தர்க்கும் பொது.

இனி, மாறுபடும் முறை யாதெனின், அதனை அருணந்தி சிவாசாரியார் காட்டியருளினார். சிவஞானசித்தியாரின் பரபக்கத்திலே அவர் உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு கொள்கையினரை மறுக்கின்றார். மறுக்குமுன், ஒவ்வொருவர் கூற்றையும் அவரவரே நின்று கூறினாற்போல எடுத்துரைக்கின்றார். பிறன் கொள்கையை அவன் ஒப்புமாறு சொல்லவல்லவனே அதனை மறுத்தற்கு உரியவன் என்பது இதனாற் பெறப்படும்.

இதனை யான் நூலிற் கற்குமுன் வீட்டிலே கற்றிருத்தல் கூடும், கற்றிலேன். பாதிரிமார் பாடசாலையிற் படித்த காலத்திலே, பதினேழு வயதில், அங்கே கேட்ட நியாயங்களைக் கொண்டுவந்து, “கல்லைக் கடவுளென்பது அறிவாகுமோ?” என்று தந்தையாரோடு வாதிட்டேன். அவர் எங்களூர்க் கோயிலிலே புராணபடனத்துக்குப் பயன் சொல்பவர். கோபியாது கேட்டிருந்து, “தம்பி, நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்லுகிறேன், பிழையிருந்தாற் சொல்லு” என்றார். என் வாதத்தை என்னினும் தெளிவாகச் சொன்னார். பின்பு, “இனி என்னுடையதை நீ சொல்லிக்காட்டு” என்றார். “நீங்கள் கல்லைக் கடவுளென்கிறீர்கள்” என்றேன். “அது நான் சொன்னதன்று, நீ சொன்னது” என்று கூறி எழுந்து விளக்கேற்றச் சென்றார்.

அன்றுதொட்டு அவர் பயன் சொல்லும் இடத்துக்கு யான் போகவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், ஆசிரியனாகிப் பரபக்கத்தைப் பாடங்கேட்டபோதே அவர் அன்று என்ன செய்தார் என்பது விளங்கிற்று. அதனைச் சொல்லிப் பணிதற்கு அவர் இருந்திலர். அவர் கொள்கையை அவர் வாயாற் கேட்டறியும் பேற்றை இழந்தமையே யான் செய்த பிழை, மாறுபட்டமையன்று.

இன்று என் மகன் கடவுளுண்மையை ஐயுறுகின்றான். பரபக்கத்திலே முதற்கண் நிற்பவன் உலகாயதன். என் வீட்டிலும் அவனே முதலில் வந்தான். யான் அவன் கூற்றைத் திருப்பிச் சொல்லிக் காட்டுகின்றேன். இருமுறை, “அப்படியன்று ஐயா” என்று திருத்தினான். மூன்றாம் முறை, “ஆம், அதுதான்” என்றான். அவனும் என் கூற்றைச் சொல்ல முயல்கின்றான். இருவரும் இன்னும் உடன்பட்டிலேம். இராப்போசனம் ஒருங்கிருந்தே உண்ணுகின்றோம்.

பெற்றோர்க்கும் ஒருவார்த்தை. அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டதேவரைப் பெற்ற குடும்பத்துக்குக் குலகுரு. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்றவர். அவர் தம் சீடர் வீட்டுப் பிள்ளையையே குருவாகக் கொண்டு வணங்கினார் என்பது வரலாறு. வயதில் இளையார் வாயினின்றும் உண்மை வருதல் கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஆதலால் மாணாக்கர்களே, பெற்றோரோடு மாறுபட நேர்ந்துழி, முதலில் அவர் சொல்வதை முற்றக் கேண்மின். அவர் ஒப்புமாறு அதனைச் சொல்லிக் காட்டுமின். பின்பு உம்முடையதைப் பணிவோடும் அஞ்சாதும் உரைமின். உடன்படாவிடினும் பணிவிடையிற் குறைவையாதீர். நசிகேதன் கேட்ட முதல் வரத்தை நீவிரும் முதலிலே கேண்மின்.